வித்ட்ரா ஆஃப்ல இருந்தாலும் காசு போகும்: எக்ஸ்சேஞ்ச் ஏபிஐ கீயைப் பத்தி கொஞ்சம் விவரமா

பெங்களூர் முருகேஷ்பாளையால எங்க பில்டிங்குக்கு எதிர்ல ஒரு பிஜி இருக்கு, அதுல தங்கியிருக்கற தர்மபுரிக்காரத் தம்பி ஒருத்தன் போன மழைக்காலத்துல ஒருநாள் காலைல ஆறரை மணிக்கெல்லாம் வந்து கதவைத் தட்டினான், கைல லேப்டாப், மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. அவனோட கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் அக்கவுண்ட்ல யூஎஸ்டிடியா, அதாவது டாலர் மதிப்பை ஒட்டியே நிக்கற காயினா, வெச்சிருந்தது சுமார் 72,000 ரூபா. ராத்திரி 2.10ல இருந்து 2.16க்குள்ள 41 ஆர்டர் ஓடியிருக்கு, எல்லாமே அவன் பேரே கேள்விப்படாத ஒரு காயினை வாங்கின ஆர்டர், காலைல அந்தக் காயினோட மதிப்பு 16,000 சொச்சம்தான். "அண்ணா, ஏபிஐ கீல வித்ட்ரா பர்மிஷன் நான் குடுக்கவே இல்லணா, ஆஃப்லதான் இருக்கு, நீங்களே பாருங்க, அப்புறம் எப்படிணா காசு போச்சு?"ன்னு அதையே திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருந்தான். டீ போட்டுக் குடுத்தேன், குடிக்கல.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. ஏன்னா அவன் மட்டும் இல்ல, பாட் (தானா வாங்கி விக்கற ப்ரோக்ராம்) ஓட்டற பசங்க, டாக்ஸ் சாஃப்ட்வேர்ல அக்கவுண்ட்டை இணைக்கறவங்க, எப்ப எதை வாங்கணும்னு சொல்ற சிக்னல் குரூப்ல காசு கட்டி ஆட்டோ ட்ரேடிங் போடறவங்க, முக்கால்வாசிப் பேர் நம்பிட்டு இருக்கறது இதைத்தான்: வித்ட்ரா டிக் எடுத்துட்டா கீ சேஃப். அது சேஃப் இல்லைங்க.

முதல்ல கீன்னா என்னன்னு பாத்துடலாம். உங்க அக்கவுண்ட்டை ஒரு ப்ரோக்ராம் உங்களுக்குப் பதிலா இயக்கறதுக்குன்னு எக்ஸ்சேஞ்ச் ரெண்டு நீளமான எழுத்துக் கோர்வை குடுக்கும், ஒண்ணு ஏபிஐ கீ, அது உங்க பேரு மாதிரி, வெளில தெரியும். இன்னொண்ணு சீக்ரெட், அது உங்க கையெழுத்து மாதிரி. பாட் ஒவ்வொரு தடவையும் "இந்தக் காயினை இந்த விலைக்கு இவ்ளோ வாங்கு"ன்னு ஒரு செய்தி எழுதி, அதோட நேரத்தையும் சேர்த்து, சீக்ரெட்டை வெச்சு எச்மேக் எஸ்எச்ஏ 256 மாதிரி ஒரு கணக்குல ஒரு கையெழுத்து போட்டு அனுப்பும், எக்ஸ்சேஞ்ச் தன்கிட்ட இருக்கற சீக்ரெட்டை வெச்சு அதே கணக்கைப் போட்டுப் பாக்கும், ஒத்துப்போச்சுன்னா ஆர்டர் ஓடிடும். நேரத்தை எதுக்கு சேர்க்கறாங்கன்னா, யாராவது அந்தச் செய்தியை நடுவுல பிடிச்சு நாளைக்கு மறுபடி அனுப்பக் கூடாதுன்னுதான், பைனான்ஸ்ங்கற (Binance) பெரிய எக்ஸ்சேஞ்ச்ல சாதாரணமா 5,000 மில்லிசெகண்ட், அதாவது 5 செகண்டுக்கு மேல பழசான செய்தியை ஏத்துக்காது, மைனஸ் 1021ன்னு ஒரு எரர் வரும், பாட் எழுதினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது அதைப் பாத்திருப்பாங்க.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, இவ்ளோ நேரம் சொன்னதுல எங்கயுமே ஓடிபி இல்ல. நீங்க லாகின் பண்ணா பாஸ்வேர்ட் கேக்கும், ஆதென்டிகேட்டர் கேக்கும், புது போன்னா மெயில் வரும். கீக்கு அதெல்லாம் கிடையாது, சீக்ரெட் யார் கைல இருக்கோ அவங்கதான் நீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு பாட் ஓடணும்னா அப்படித்தான் இருந்தாகணும், தப்பு சொல்ல முடியாது, ஆனா வீட்டுச் சாவியை வாட்ச்மேன் இல்லாத பின்கதவுக்கு வெட்டி வெச்ச மாதிரின்னு மனசுல வெச்சுக்கணும்.

இப்போ பர்மிஷன். பேரு ஒவ்வொரு எக்ஸ்சேஞ்ச்லயும் மாறும், க்ராக்கன் மாதிரி இடத்துல ரொம்பப் பொடிப்பொடியா பிரிச்சு வெச்சிருப்பாங்க, பேலன்ஸ் பாக்க தனி, ஆர்டர் பாக்க தனி, ஆர்டர் போட தனி, கேன்சல் பண்ண தனி. பொதுவா எல்லா இடத்துலயும் மூணு படி: பாக்கறது, ட்ரேட் பண்றது, வெளில எடுக்கறது. கூடவே ஃபியூச்சர்ஸ் (பின்னாடி வர்ற விலை மேல பந்தயம்), மார்ஜின் (கடன் வாங்கி ட்ரேட்), ஒரு வாலட்ல இருந்து இன்னொரு வாலட்டுக்கு மாத்தறதுன்னு கிளைகள். வெறும் பாக்கற கீ கூட சும்மா இல்ல, அது வெளில போனா உங்ககிட்ட எவ்ளோ இருக்கு, எப்ப வாங்கினீங்க எல்லாம் தெரிஞ்சுடும், அப்புறம் ஒருத்தன் போன் பண்ணி "சார், எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட்ல இருந்து பேசறேன், நேத்து நீங்க இத்தனை ஈத்தர் வாங்கினீங்க இல்ல, அதுல ஒரு பிரச்சனை"ன்னு சரியான நம்பரைச் சொன்னா யாரு நம்ப மாட்டாங்க?

ஆனா நிஜமான ஆபத்து நடுப்படிலதான், ட்ரேட் பர்மிஷன்ல. எப்படின்னு சொல்றேன், கணக்கு புரியணும்னு ரவுண்டான நம்பர்ல. யாரும் பெருசா வாங்கி விக்காத ஒரு காயின், விலை 2 ரூபா. திருடன் தன் சொந்த அக்கவுண்ட்ல அதை முன்னாடியே 6,000 காயின் வாங்கி வெச்சுக்கறான், 12,000 ரூபா செலவு. அந்த 6,000த்தையும் சராசரியா 10 ரூபா வர்ற மாதிரி படிப்படியா விக்கறதுக்குப் போட்டு வெக்கறான். இப்போ உங்க கீயை எடுத்து, உங்க அக்கவுண்ட்ல இருந்து மார்க்கெட் ஆர்டரா, அதாவது என்ன விலை இருக்கோ அந்த விலைக்கே, வாங்க ஆரம்பிக்கறான். ஆர்டர் புக், அதாவது வாங்க விக்கப் போட்டிருக்கற லிஸ்ட், காலியா இருக்கறதால விலை ஏணி ஏறிக்கிட்டே போகுது, உங்க 72,000ல 60,000 அவனோட காயினுக்குப் போகுது, மிச்சம் 12,000த்துக்கு நடுவுல வேற யார் யாரோ போட்டு வெச்சிருந்த 2,000 காயின் வருது. ஆறு நிமிஷத்துல முடிஞ்சது. விலை திரும்ப 2 ரூபாய்க்கு விழுது, உங்ககிட்ட 8,000 காயின், மதிப்பு 16,000. அவன்கிட்ட 60,000, அதை அவன் வெளில எடுக்கறது அவனோட சொந்த அக்கவுண்ட்ல இருந்து, அவனோட சொந்த ஓடிபியைப் போட்டு. உங்க வித்ட்ரா ஹிஸ்டரில ஒரு வரி கூட இருக்காது. காசு வாசல் வழியா போகல, சந்தை வழியா போச்சு.

ஃபியூச்சர்ஸ் டிக்கும் போட்டிருந்தா இதே வேலை இன்னும் வேகமா நடக்கும், லெவரேஜ் வெச்சு, அதாவது இருக்கற காசைப் போல பல மடங்குக்கு ட்ரேட் போட்டு, உங்களை ஒரு பக்கம் நிறுத்தி அவன் எதிர்பக்கம் நிப்பான். ட்ரான்ஸ்ஃபர் டிக் இருந்தா ஸ்பாட்ல, அதாவது சாதாரண வாலட்ல, பத்திரமா இருக்குன்னு நீங்க நினைச்ச காசும் அங்க போயிடும்.

இது புதுசா கண்டுபிடிச்ச தந்திரம் இல்ல. 2018 மார்ச் 7ஆம் தேதி பைனான்ஸ்ல இதே மாதிரி நடந்துச்சு, வயாகாயின்னு ஒரு சின்ன காயின். அதுக்குப் பல வாரத்துக்கு முன்னாடியே பைனான்ஸ் வெப்சைட் மாதிரியே இருக்கற போலி சைட், அட்ரஸ்ல எழுத்துக்குக் கீழ ஒரு சின்னப் புள்ளி மட்டும் வித்தியாசம், அதை வெச்சு பல பேரோட லாகினைப் பிடிச்சாங்க. பிடிச்சவங்க உடனே காசை எடுக்கல. ஒவ்வொரு அக்கவுண்ட்லயும் ஒரு ட்ரேடிங் ஏபிஐ கீயை உருவாக்கி வெச்சுட்டு சத்தமில்லாம காத்திருந்தாங்க. அன்னைக்கு ரெண்டு நிமிஷத்துக்குள்ள எல்லாக் கீயும் சேர்ந்து வயாகாயினை வாங்க, முன்னாடியே காயின் போட்டு வெச்சிருந்த 31 அக்கவுண்ட் உச்சில வித்துச்சு. வித்து வந்த பிட்காயினை வெளில எடுக்கப் போறப்போ எக்ஸ்சேஞ்ச் சிஸ்டம் தானா அலாரம் அடிச்சு வித்ட்ராவை நிறுத்திடுச்சு, அதனால அவங்க கைக்கு ஒண்ணும் கிடைக்கல. எனக்கு இதுல முக்கியமா படறது அந்த வாரக்கணக்கான அமைதி. கீ லிஸ்ட்டைத் திறந்து பாத்த யாரா இருந்தாலும் தான் உருவாக்காத ஒரு கீ அங்க உக்காந்திருக்கறதைப் பாத்திருக்கலாம். அடுத்த வருஷம், 2019 மே 7, அதே பைனான்ஸ்ல 7,000 பிட்காயினுக்கு மேல போனப்பவும் திருடங்க சேர்த்து வெச்சிருந்ததுல யூசர்களோட ஏபிஐ கீயும் ஓடிபி கோடும் இருந்துச்சுன்னு கம்பெனியே சொன்னாங்க.

2022ல நடந்தது வேற விதம். த்ரீகாமாஸ்னு ஒரு ட்ரேடிங் பாட் சர்வீஸ், ஆயிரக்கணக்கான பேர் எக்ஸ்சேஞ்ச் கீயை அங்க குடுத்து வெச்சிருந்தாங்க. அக்டோபர்ல எஃப்டிஎக்ஸ்ங்கற எக்ஸ்சேஞ்சோட கஸ்டமர்கள் சில பேரோட அக்கவுண்ட்ல தாங்க போடாத ட்ரேட் ஓடியிருக்குன்னு புகார் வந்தப்போ, யூசர்கள் போலி சைட்ல ஏமாந்து கீயைக் குடுத்திருப்பாங்கன்னுதான் பதில் வந்துச்சு. டிசம்பர் கடைசில சுமார் 1,00,000 கீ தன்கிட்ட இருக்குன்னு ஒருத்தர் சொல்லி அதுல ஒரு பகுதியை இன்டர்நெட்ல வெளியிட்டாரு, டிசம்பர் 28ஆம் தேதி கம்பெனியோட தலைமை அதிகாரியே அது நிஜம்தான்னு ஒத்துக்கிட்டாரு. அதுவரைக்கும் "நீங்கதான் எங்கயோ விட்டிருப்பீங்க"ன்னு கேட்டு நொந்து போனவங்களை நினைச்சா எனக்கு இப்பவும் கோவம் வருது. உங்க லேப்டாப் எவ்ளோ சுத்தமா இருந்தாலும், கீயை வாங்கி வெச்சிருக்கறவங்க வீட்டுல ஓட்டை இருந்தா உங்க காசும் அதே ஓட்டை வழியாத்தான் போகும்.

நம்ம தம்பியோட கதையும் இதுதான். ஒரு டெலிகிராம் சிக்னல் குரூப், மாசம் கொஞ்சம் காசு கட்டினா அவங்க பாட் உங்க அக்கவுண்ட்ல தானா ட்ரேட் போடும், அதுக்கு ட்ரேட் கீ வேணும்னு கேட்டிருக்காங்க, குடுத்துட்டான். ஐபி கட்டுப்பாடு, அதாவது எந்த இன்டர்நெட் அட்ரஸ்ல இருந்து வரலாம்ங்கற பூட்டு? "அவங்க ஐபி அடிக்கடி மாறுமாம்ணா, ஓப்பனா விடச் சொன்னாங்க." அந்த வரியைக் கேட்டதும் எனக்குப் புரிஞ்சுடுச்சு.

ஐபி கட்டறதுங்கறது இந்த மொத்த விஷயத்துலயே பெரிய பூட்டு, இந்தக் கீ இந்த அட்ரஸ்ல இருந்து வந்தா மட்டும் ஏத்துக்கோன்னு எக்ஸ்சேஞ்ச்கிட்ட சொல்றது. கீயும் சீக்ரெட்டும் ரெண்டுமே திருடு போனாலும் வேற இடத்துல இருந்து வேலை செய்யாது. பைனான்ஸ்ல ஐபி கட்டாம வித்ட்ரா டிக்கைப் போடவே முடியாது. பைபிட்ல ஐபி கட்டாத கீ மூணு மாசத்துல காலாவதி ஆயிடும், ஓகேஎக்ஸ்ல ட்ரேட் கீக்கு ஐபி கட்டாம 14 நாள் தொடாம விட்டா அதுவே செத்துடும். எக்ஸ்சேஞ்சுகளே இவ்ளோ பயப்படறப்போ நாம ஓப்பனா விடறது சரியில்ல.

ஆனா பெங்களூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கறவங்களுக்கு இதுல ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கு. பிஜி வைஃபை, வீட்டு பிராட்பேண்ட் ரெண்டுலயும் ஐபி நிலையா இருக்காது. மழை வரும், பெஸ்காம் கரண்ட் போகும், ரவுட்டர் திரும்ப ஆன் ஆகும், ஐபி மாறிடும், பாட் மைனஸ் 2015ன்னு கீ, ஐபி, பர்மிஷன்ல ஏதோ சரியில்லைன்னு கத்தும், ராத்திரி பதினொரு மணிக்கு எரிச்சல்ல "இதை எடுத்துத் தொலைக்கலாம்"னு கட்டுப்பாட்டை நீக்கிடுவோம். நிறைய பேரு பூட்டைக் கழட்டினது அந்த ஒரு ராத்திரிதான், திரும்ப மாட்டல. இன்னொண்ணு, உங்க ரவுட்டர் செட்டிங்ஸ்ல வெளி ஐபின்னு காட்டறது 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, நீங்க தனி ஐபிலயே இல்ல, கம்பெனி ஒரே வெளி ஐபியை நிறைய வீட்டுக்குப் பங்கு போட்டுக் குடுத்திருக்கு, மொபைல் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் அப்படித்தான். அதைக் கட்டினா அந்த ஐபியைப் பங்கு போடற எல்லாரையும் உள்ள விட்ட மாதிரி, ஒண்ணுமே கட்டாததுக்கு இது எவ்வளவோ மேல், ஆனா நல்ல பூட்டு இல்ல. பாட்டை ஒழுங்கா ஓட்டணும்னா ஒரு சின்ன கிளவுட் சர்வர் எடுத்து அதோட நிலையான ஐபியைக் கட்டறதுதான் சரி. அமேசானோட கிளவுட் ஏடபிள்யூஎஸ்ல 2024 பிப்ரவரில இருந்து பப்ளிக் ஐபிவி4க்கு மணிக்கு 0.005 டாலர், மாசத்துக்கு 3.6 டாலர் பக்கம், சர்வர் காசு தனி. பாட்ல இருக்கற காசுக்கு இந்தச் செலவு கட்டுப்படி ஆகலைன்னா பாட்டே ஓட்ட வேணாம்னு நான் நேரடியாவே சொல்லுவேன்.

வேற யாரோட சர்வீஸுக்காவது கீ குடுக்கறீங்கன்னா அவங்க எழுத்துல வெளியிட்டிருக்கற ஐபி லிஸ்ட்டைக் கேளுங்க, அதை மட்டும் கட்டுங்க. அப்பவும் அவங்க சர்வருக்குள்ளயே ஒருத்தன் புகுந்துட்டா ஐபி பூட்டு காப்பாத்தாது, அவன் வர்றதே அந்த ஐபில இருந்துதான். அதனாலதான் அடுத்த விஷயம், கீயோட கைக்கு எட்டற தூரத்துல எவ்ளோ காசு வெக்கறோம்ங்கறது. சப் அக்கவுண்ட் வசதி இருக்கற எக்ஸ்சேஞ்ச்ல பாட்டுக்குன்னு ஒரு சப் அக்கவுண்ட், அதுல பாட்டுக்கு வேண்டிய காசு மட்டும், கீ அந்த சப் அக்கவுண்ட்டோடது. மெயின் அக்கவுண்ட்டுக்கு ட்ரேட் கீயே வேணாம். பைனான்ஸ் மாதிரி சில இடத்துல இந்தக் கீ எந்தெந்த ஜோடியை (எந்தக் காயினை எதுக்கு மாத்தறதுங்கறதை) தொடலாம்னும் கட்டலாம், பிட்காயின் யூஎஸ்டிடி, ஈத்தர் யூஎஸ்டிடி மட்டும்னு வெச்சுட்டா, மேல சொன்ன பேர் தெரியாத காயின் வித்தை அங்கயே படுத்துடும், பிட்காயின் ஆர்டர் புக்கை 72,000 ரூபாயால ஏணி ஏத்த முடியாது. பர்மிஷன் பேஜ்ல ஜனங்க கவனிக்காம தாண்டிப் போற இந்த ஒரு செட்டிங் அன்னைக்கு இருந்திருந்தா அந்தப் பையனோட காசு முழுசா இருந்திருக்கும்.

ஒரு வேலைக்கு ஒரு கீ. டாக்ஸ் சாஃப்ட்வேருக்கு பாக்கற கீ மட்டும், பாட்டுக்கு வேற, சோதனைக்கு வேற. பேரு வெக்கறப்போ "டெஸ்ட் 1", "நியூ"ன்னு வெக்காம எந்த வேலை, எந்த சர்வர், எந்த மாசம்னு வெச்சா ஆறு மாசம் கழிச்சுப் பாக்கறப்போ எதை அழிக்கலாம்னு தெரியும். எட் 25519 வகைக் கீயை ஏத்துக்கற எக்ஸ்சேஞ்சா இருந்தா அதையே எடுங்க, அதுல கையெழுத்துச் சாவியை நீங்களே உங்க மெஷின்ல உருவாக்கறீங்க, பப்ளிக் பாதி மட்டும்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகுது, ரகசியம் ரெண்டு இடத்துல இருக்கற பிரச்சனையே இல்ல.

சீக்ரெட் எங்கெல்லாம் சிந்துதுன்னு பாத்தா மனசு கஷ்டமா இருக்கும். ஒரே ஒரு தடவைதான் காட்டும்னு சொல்றதால ஸ்க்ரீன்ஷாட் எடுக்கறாங்க, அது போட்டோ பேக்கப்புக்குப் போயிடுது. வாட்ஸப்புல தனக்குத்தானே அனுப்பி வெச்சுக்கறாங்க. கோடு ஓடலைன்னு குரூப்புல மொத்த ஃபைலையும் ஒட்டறாங்க, மூணாவது வரில கீ இருக்கு. கோடு சேமிச்சு வெக்கற கிட்ஹப் சைட்ல தெரியாம ஏத்திட்டு அடுத்த கமிட்ல அழிச்சுட்டேன்னு நிம்மதி ஆகறாங்க, ஹிஸ்டரில அது அப்படியேதான் இருக்கும், கீயைத் தேடறதுக்குன்னே ஓடற பாட்டுங்க பப்ளிக் ரெப்போவை எந்நேரமும் அலசிட்டு இருக்கு, ஏறின கீயை செத்த கீயா நினைச்சு உடனே அழிக்கறது ஒண்ணுதான் வழி. ஆபீஸ் லேப்டாப்ல பாட் ஓட்டறது இந்த ஊர்ல சகஜம், வேலை மாறறப்போ லேப்டாப்பைத் திருப்பிக் குடுத்துடுவோம், கீ அதுக்குள்ளயே போயிடும். பைத்தான்ல பேக்கேஜ் போடறப்போ பேரை ரெண்டு தடவை பாருங்க, 2025ல சிசிஎக்ஸ்டிங்கற பிரபலமான லைப்ரரி பேரை ஒட்டி ஒரு போலி பேக்கேஜ், எம்இஎக்ஸ்சி எக்ஸ்சேஞ்சுக்குப் போற ஆர்டரையும் கீயையும் திருடனோட சர்வருக்குத் திருப்பி விட்டது பிடிபட்டுச்சு.

அப்புறம் கண்காணிப்பு. நான் சொல்லிக் குடுக்கற பசங்க எல்லாருக்கும் முதல்ல செய்யச் சொல்றது, பாட் போடற ஒவ்வொரு ஆர்டருக்கும் கிளையன்ட் ஆர்டர் ஐடில, அதாவது ஆர்டருக்கு நீங்களே வெக்கற அடையாளத்துல, உங்களுக்குன்னு ஒரு முன்னெழுத்து வைங்க. பெரிய எக்ஸ்சேஞ்ச் பெரும்பாலானதுல இதுக்கு இடம் இருக்கு. அப்புறம் அக்கவுண்ட்ல நடக்கற ஒவ்வொரு ஆர்டரையும் கேக்கற ஒரு சின்ன ஸ்க்ரிப்ட், வெறும் பாக்கற கீயோட, பாட் ஓடற சர்வர் இல்லாம வேற மெஷின்ல. முன்னெழுத்து இல்லாத ஆர்டர் ஒண்ணு வந்தா, உங்க லிஸ்ட்ல இல்லாத ஜோடி வந்தா, உடனே போனுக்கு மெசேஜ். ஆறு நிமிஷத்துல 41 ஆர்டர் ஓடின இடத்துல மூணாவது ஆர்டர்லயே போன் அலறியிருக்கும். அதோட வாரத்துக்கு ஒருக்கா கீ லிஸ்ட், லாகின் ஹிஸ்டரி, வித்ட்ரா அட்ரஸ் லிஸ்ட், மூணையும் கண்ணால பாருங்க.

நடந்துடுச்சுன்னா? முதல்ல கீயை அழிங்க, எல்லாக் கீயையும், எதுன்னு யோசிச்சுட்டு நிக்க வேணாம். பாஸ்வேர்ட் மாத்தினா கீயும் செத்துடும்னு நம்பிடாதீங்க, தம்பி முதல்ல பண்ணது அதைத்தான், நான் பாக்கறப்போ கீ உயிரோட இருந்துச்சு. அப்புறம் ஓப்பனா நிக்கற ஆர்டரை கேன்சல் பண்ணுங்க, அப்புறம்தான் பாஸ்வேர்டும் ஆதென்டிகேட்டரும். ட்ரேட் ஹிஸ்டரியை ஆர்டர் ஐடியோட டவுன்லோட் பண்ணிட்டு எக்ஸ்சேஞ்சுக்கு டிக்கெட் போடறப்போ, அந்த ஆர்டர்கள் எந்த ஐபில இருந்து வந்துச்சு, எதிர்பக்கம் வித்த அக்கவுண்ட்டை முடக்க முடியுமான்னு ரெண்டையும் தெளிவாக் கேளுங்க, திருடன் காசை வெளில எடுக்கறதுக்குள்ள நிறுத்தறதுதான் ஒரே வாய்ப்பு. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி கம்பெனிங்க லாகை, அதாவது சிஸ்டத்துல என்ன எப்ப நடந்துச்சுங்கற பதிவை, 180 நாள் வெச்சிருக்கணும், அதனால லாக் இல்லைன்னு சொன்னா விட்டுடாதீங்க. சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு அதே நேரத்துல கூப்பிடுங்க, இங்க பெங்களூர்ல சைபர் கேஸைப் பாக்கறது சைபர் க்ரைம் போலீஸ் ஸ்டேஷன், தமிழ்ல எழுதினா யாரு பாப்பாங்கன்னு தயங்க வேணாம், இங்கிலீஷ்ல எழுதிக் குடுங்க, ஆர்டர் ஐடி, நேரம், தொகை மூணும் இருந்தா போதும்.

கடைசில ஒரு வலி இருக்கு, அதையும் சொல்லியாகணும். நம்ம நாட்டுல 2022 ஏப்ரல் 1ல இருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, ஜூலை 1ல இருந்து 1 சதவீதம் டிடிஎஸ். நஷ்டத்தை வேற எந்த லாபத்துலயும் கழிக்க முடியாது, வேற காயின்ல வந்த லாபத்துலயும் சரி, அடுத்த வருஷத்துக்குத் தள்ளவும் முடியாது. அந்தப் பையன் அதே வருஷம் முன்னாடி 40,000 லாபம் பாத்திருந்தான். ராத்திரி நடந்தது எக்ஸ்சேஞ்ச் கணக்குல அவன் பேர்ல நடந்த சாதாரண ட்ரேட், அந்தக் காயினை வித்தா வர்ற நஷ்டம் அந்த 40,000த்தைத் தொடாது. அதனால 12,000 வரி, 4 சதவீதம் செஸ் சேர்த்து 12,480, இதைக் கட்டித்தான் ஆகணும்னு ஆடிட்டர் சொன்னப்போ அவன் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இப்போ அவன் திரும்ப ஆரம்பிச்சிருக்கான். சப் அக்கவுண்ட்ல 10,000 ரூபா, ரெண்டே ஜோடி, சர்வர் ஐபி கட்டின ஒரு ட்ரேட் கீ, டாக்ஸுக்கு ஒரு பாக்கற கீ. ஞாயித்துக்கிழமை காலைல கீ லிஸ்ட்டைத் திறந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எனக்கு அனுப்புவான். போன வாரம் வந்ததுல ரெண்டு வரி இருந்துச்சு, ரெண்டுமே அவன் வெச்ச பேரு.